பீரோவில் பூட்டிய பென் டிரைவ்

கேள்வி: அப்பா மறைவதற்கு முன் பேசிய குரல் பதிவுகள், 20 வருடப் புகைப்படங்கள், எல்லாம் சேர்த்து 300 ஜிபி. பென் டிரைவ், எஸ்எஸ்டி, டிவிடி, எதில் போட்டால் பேரப்பிள்ளைகள் காலம் வரை இருக்கும்?

பதில்: பென் டிரைவ் வேண்டாம். அது கொண்டுபோய்க் கொடுக்கத்தான், வைத்துக் காக்க அல்ல. அதிலும், சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் டிரைவான எஸ்எஸ்டியிலும் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது. மின்சாரமே காட்டாமல் வைத்தால் மெல்லக் கசியும், வெக்கையில் இன்னும் வேகமாக. எழுதி எழுதி ஆயுள் முடிந்த சாதாரண வீட்டு எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதுதான் சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக் வைத்த தரநிலை. புதியது கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் பூட்டி வைத்து மறந்துவிடும் பொருள் அல்ல.

டிவிடி? 2006-இல் எடுத்த கல்யாண டிவிடியை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். முகூர்த்தம் வரை ஓடியது, அப்புறம் திக்கித் திக்கி நின்றுவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பை ஒட்டி வெளுத்த வளையம் ஒன்று. டிவிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே போகும், விளிம்பில் இருந்த விருந்துக் காட்சிகள் போயே போய்விட்டன. அதன் சாயப்பூச்சு வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஆகாது. மேலும் உங்கள் 300 ஜிபிக்கு 60-க்கு மேல் டிவிடி வேண்டும்.

நான் சொல்வது இரண்டு ஹார்டு டிஸ்க். ஒரே நாளில் ஒரே கடையில் ஜோடியாக வாங்காமல் வேறு வேறு கம்பெனியாகப் பாருங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது தங்கை வீட்டில். வெள்ளமோ தீயோ இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொருகி, நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். ஐந்து வருடமானால், நன்றாக ஓடினாலும் புதியதற்கு மாற்றுங்கள்.

மூன்றாவது பிரதி கிளவுடில். போனோடு தானாக ஒத்திசையும் ஆல்பத்தை மட்டும் நம்பாதீர்கள், போனில் அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். கூகுள் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் கணக்கையே நீக்கிவிடலாம் என்பது அவர்கள் விதி. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேகரிக்க வேண்டாம், தரம் குறைந்துவிடும்.

அப்பாவின் குரலுக்கு மட்டும் தனிக் கவனம் கொடுங்கள். அளவில் சின்னது என்பதால் உடன்பிறந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். நீண்ட நாள் காக்கவென்றே வரும் எம்-டிஸ்க் என்ற டிவிடி போன்ற வட்டு கிடைத்தால் அதிலும் ஒன்று பதியுங்கள். அதில் சாயத்துக்குப் பதில் கனிமப் படலம். ஒவ்வொரு பதிவோடும் யார் பேசுகிறார், எந்த வருடம், எந்த ஊர், பின்னால் கேட்கும் குரல் யாருடையது என்று ஒரு சின்ன உரைக் கோப்பும் எழுதி வையுங்கள். அதை இப்போது உங்களால்தான் எழுத முடியும்.