காட்டு ரோட்டில் கேட் போடுவது ஏன்: பாய்சிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது, அலுவலக நண்பர்கள் அக்டோபரில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், காட்டுத் தடத்தில் ஓட்டுகிற சின்ன நாலு சக்கர வண்டியான ஏடிவி ஒன்று பழையதாக விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு கோபமும்: "காடு அரசாங்கத்துடையது, லைசென்ஸுக்கும், ஒரு மிருகத்தைச் சுட அனுமதிக்கிற டேக்குக்கும் காசு கட்டுகிறோம். அப்புறம் ரோட்டில் கேட்டைப் போட்டுப் பூட்டினால் என்ன நியாயம்?"

ஏடிவி இந்த வருடம் வேண்டாம், தம்பி. அந்தக் காசில் நல்ல பூட்ஸும், இறைச்சி சுமக்கிற, சட்டகம் வைத்த முதுகுப் பையும் வாங்குங்கள். கேட் விஷயத்தைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வந்த புதிதில் நம் ஆட்கள் பலரும் இதே கோபத்தோடுதான் பேசுகிறார்கள்.

நம் ஊரில் 1972 முதல் வேட்டை என்றாலே கேஸ்தான். அதனால் வேட்டைக்காரர் ஒரு பக்கம், காட்டைக் காப்பாற்றுகிறவர் மறுபக்கம் என்று பார்த்தே பழகிவிட்டோம். இங்கே இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆள். 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி உண்டு, அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. காட்டு ரோட்டை மூடச் சொல்லிப் பொதுக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர்களிலும் வேட்டைக்காரர்கள் நிறைய இருப்பார்கள். எதிர்த்துப் பேசுகிறவர்களும் வேட்டைக்காரர்களே.

மூடச் சொல்வதற்குக் காரணம் எல்க்கின் சுபாவம். பக்கத்து மாநிலமான ஓரிகனில் ஸ்டார்க்கி என்ற ஆராய்ச்சிக் காடு இருக்கிறது. சுமார் 25,000 ஏக்கரைச் சுற்றி எட்டு அடி வேலி போட்டு, உள்ளே இருக்கும் எல்க்குகளுக்கு ரேடியோ காலர் மாட்டி வருடக்கணக்காகக் கவனித்திருக்கிறார்கள். ஏடிவி, மலை சைக்கிள், நடை, குதிரை என்று நான்கு விதமாகவும் ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். நான்குமே எல்க்கை நகர்த்தின, ஆனால் ஏடிவிக்குத்தான் அவை அதிகம் ஓடின. ஓடுகிற நேரம் மேயாத நேரம். பனி விழுவதற்குள் கொழுப்புச் சேர்க்க வேண்டிய பெண் எல்க்குக்கு அது சின்ன நஷ்டம் இல்லை.

ரோட்டோரத்தை விட்டு ஓடுகிற எல்க் கூட்டம் எங்கே போகும்? சீசன் தொடங்கியதும் பக்கத்துத் தனியார் பண்ணைக்குள் போய் நின்றுவிடும். அங்கே சுடுகிறவர்கள் குறைவு, வண்டியும் குறைவு. நீங்களும் நானும் டேக்கைக் கையில் வைத்துக்கொண்டு முள்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பைனாகுலரில் பார்க்கலாம், அவ்வளவுதான். எங்கும் வண்டி போகலாம் என்று திறந்துவிட்டால் முதலில் நஷ்டப்படுவது பண்ணை வைத்திருக்காத, அரசு நிலத்தை மட்டுமே நம்பி வேட்டைக்கு வருகிற நம்மைப் போன்றவர்கள். நான் கேட்டுக்குப் பரிந்து பேசுவது இதனால்தான்.

கண்ணால் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். செப்டம்பரில் ஆண் எல்க் ஊற்றுத் தண்ணீர் கசியும் இடத்தில் கொம்பால் மண்ணைக் கிளறி, சிறுநீர் கலந்த சேற்றில் புரண்டு எழும். அந்தக் குழியைக் கிட்டே போய்ப் பார்த்தால் சேற்றில் பழுப்பு மயிர் ஒட்டியிருக்கும், சுற்றியுள்ள ஃபர் மரங்களில் இடுப்புயரம் வரை சேறு பூசியிருக்கும், நாற்றம் தூரத்திலேயே மூக்கைத் துளைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குழி, மூடிய ரோட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு புல்வெளியின் மேல் ஓரத்தில் இருந்தது. யாரோ கேட்டைச் சுற்றிக்கொண்டு வந்து ஈரப் புல்வெளியில் வண்டியை ஓட்டினார்கள். சக்கரத் தடம் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. அடுத்த வருடம் ஊற்றுத் தண்ணீர் அந்தத் தடம் வழியாகவே கீழே வடிந்து போயிருந்தது. குழி காய்ந்து வெடித்துக் கிடந்தது, எல்க் வந்த அடையாளமே இல்லை. வேட்டைக்கு வந்தவர்கள் செய்த வேலை இது என்று நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சட்டம் ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. அரசு நிலத்தில் வண்டி எங்கே போகலாம் என்று வரையறுக்கச் சொல்லி அதிபர் நிக்சன் உத்தரவு போட்டது 1972-இல். வண்டிப் போக்குவரத்து பற்றி வனத்துறை போட்ட 2005 விதிக்குப் பிறகு ஒவ்வொரு தேசியக் காட்டுக்கும் வண்டிப் பாதை வரைபடம் உண்டு. வனத்துறையின் ரேஞ்சர் அலுவலகத்தில் சும்மாவே கொடுப்பார்கள். அதில் இல்லாத பாதை மூடிய பாதை, போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். திறந்திருக்கும் தேதிகளும் அதிலேயே இருக்கும். ஐடஹோவில் பல வேட்டைப் பகுதிகளில் இன்னொரு விதியும் சேரும்: பெரிய கார் போகக்கூடிய, திறந்த ரோட்டில் மட்டுமே வண்டியை வேட்டைக்குப் பயன்படுத்தலாம். ஏடிவி தடம் திறந்தே இருந்தாலும் அதில் போய் வேட்டையாட முடியாது. மின்சார சைக்கிளில் போனால் தப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தேசியக் காட்டில் அதுவும் மோட்டார் வண்டிக் கணக்குதான்.

வயதானவர்கள், முட்டி தேய்ந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எனக்கும் அந்த வயது வரும். நடக்க முடியாதவர்களுக்கு மாநிலத்தில் தனி பெர்மிட் உண்டு, இந்த வேட்டை விதியிலிருந்து அவர்களுக்கு விலக்கு இருக்கிறது. பூட்டிய கேட்டை மட்டும் அது திறக்காது. அதற்கு மேலும் வசதி வேண்டும் என்றால் கேட்கலாம், நானும் கூட நின்று கேட்பேன். ஆனால் கூட்டத்தில் முட்டிவலியைச் சொல்லி வாதாடுகிறவர்களில் பாதிப் பேர் முப்பது வயதுக்காரர்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் வேலை. ஆறு மாதம் ஆகிவிட்டதால் உள்ளூர்க்காரர் விலைக்கே லைசென்ஸ் கிடைக்கலாம், ஆதாரங்களோடு போய்க் கேளுங்கள். 1975 ஜனவரி 1-இலோ அதன் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சி வகுப்பு கட்டாயம். வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் தடை உண்டு, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதற்கு ஒரு விலக்கு. அது கைக்கு வருமுன் நண்பரின் ரைஃபிளை "சும்மா பிடித்துப் பார்க்கிறேன்" என்றுகூட வாங்காதீர்கள்.

எல்க் விழுந்த பிறகுதான் வண்டி இல்லையே என்று தோன்றும். ஒரு பின்னந்தொடையே நல்ல கனம், நாலைந்து நடை ஆகும். அதனால் எவ்வளவு தூரம் சுமக்க முடியுமோ அவ்வளவு தூரம் மட்டும் உள்ளே போங்கள், மாலையில் சுடாதீர்கள், இறைச்சியைத் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். வீணாக்கினால் அதுவும் குற்றம். முதல் தடவை உங்களோடு இரண்டு பேராவது வர வேண்டும். எடுத்துவர வண்டி விடலாமா என்பது காட்டுக்குக் காடு மாறும், ரேஞ்சர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள். குதிரையில் இறக்கிக் கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், சீசன் நெருங்கினால் கிடைக்கமாட்டார்கள், இப்போதே பேசி வையுங்கள்.