ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனால் குடி நிற்குமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது. பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். தினமும் குடி, சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டால் ஞாயிறு முழுக்கப் போதைதான். கடன் வாங்கி இரண்டு முறை தனியார் மையத்தில் சேர்த்தோம். வெளியே வந்து கொஞ்ச நாளில் பழைய கதைதான். ஏ.ஏ. என்று இலவசக் கூட்டம் இருக்கிறதாமே, குடித்தவர்களே உட்கார்ந்து பேசினால் குடி நிற்குமா? சர்ச்சில் நடப்பதால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று மாமியார் பயப்படுகிறார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் வெளியே தெரிந்தால் என்ன ஆவது? அவரைக் கேட்டால், “நெனச்சா நாளைக்கே நிறுத்திருவேன்” என்கிறார்.

பதில்: அந்த “நாளைக்கே” என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது, சகோதரி. தினமும் நிறையக் குடித்தவர் வீம்புக்குத் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த 2 நாட்களில் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். ஆகவே நிறுத்துவது மருத்துவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். கோவை அல்லது பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இதற்கு மறுபடியும் கடன் வாங்க வேண்டியதில்லை.

சரி, உடம்பு தேறிவிடும். அப்புறம்? அதே தறி, அதே சனிக்கிழமை, அதே கூட்டாளிகள், ஊர் நோம்பி வந்தால் கிடா விருந்து. உங்கள் வீட்டில் இரண்டு முறையும் வழுக்கியது இந்த இடத்தில்தான். பெரும்பாலான மையங்கள் ஆளை உள்ளே வைத்திருக்கும்வரை பார்த்துக்கொள்கின்றன, வெளியே வந்தபின் யாரும் இல்லை. ஏ.ஏ. தேவைப்படுவது அதற்குப் பிறகான காலத்துக்கு.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம்தான் ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. குடியை விட்டு சில மாதமே ஆகியிருந்த ஒரு பங்குத் தரகர், வேலையாக வந்த ஊரில் தொழில் கைகூடாமல் போக, மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்தார். இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று தேடிப் போனார். அப்படிச் சந்தித்தவர் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். தரகர் அவருக்குப் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். அந்த மருத்துவரும் பிறகு குடியை விட்டார். இன்றைக்கும் கூட்டத்தில் நடப்பது அதுவேதான். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தன் அனுபவத்தைப் பேசுவார், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். நாமெல்லாம் சொன்னால் “உனக்கென்ன தெரியும்” என்பவர், குவாட்டருக்காக மனைவியின் தோட்டை அடகு வைத்த ஆள் பேசினால் காது கொடுப்பார். கொஞ்ச நாளில் பழைய உறுப்பினர் ஒருவர் அவருக்கு ஸ்பான்சராக, அதாவது கூடவே நின்று வழிகாட்டுபவராக அமைவார். சனிக்கிழமை சாயங்காலம் கால் டாஸ்மாக் பக்கம் திரும்பும்போது போன் செய்ய அவருக்கு ஓர் ஆள் இருப்பார்.

வெறும் நம்பிக்கையை வைத்து இதைச் சொல்லவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 10,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குடியை முழுதாக விட்டிருப்பதில், ஏ.ஏ.வும், அதில் சேர முறையாக வழிகாட்டும் சிகிச்சையும் மற்ற முறைகளைவிட நல்ல பலன் தந்தன. எல்லோருக்கும் நிற்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. இடையில் சறுக்கினாலும் மறுபடி போகலாம், அங்கே யாரும் விரட்டமாட்டார்கள்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: இடம் கிடைப்பதால் சர்ச்சில் நடக்கிறது, அவ்வளவுதான். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் 12 படிகளில் கடவுள் வருவது உண்மை, ஆனால் “நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்” என்றுதான் வரும். அது சென்னிமலை முருகனாகவும் இருக்கலாம். கட்டணம் கிடையாது. உண்டியல் சுற்றி வரும், விரும்பினால் போடலாம். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே பேசக் கூடாது என்பது அவர்களின் வழக்கம். அப்படியும் தயக்கம் இருந்தால் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம், ஜூமில் நடப்பவையும் உண்டு. அப்புறம், அவர் தினமும் குடிப்பது உங்கள் ஊருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். “அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்” என்று விற்கும் மருந்துகளில் டைசல்ஃபிராம் இருக்கலாம். அது உள்ளே போனது தெரியாமல் குடித்தால் கடும் வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சரியும், சாவுகூட நேரலாம். மருத்துவர் எழுதி, அவரும் ஒப்புக்கொண்டு சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது, அதுவும் இலவசம். எப்போது பேச வேண்டும், எந்தக் கடனை அடைக்காமல் விட வேண்டும் என்பதையெல்லாம் அங்கே உங்களைப் போன்ற பெண்களிடமே கேட்டுக்கொள்ளலாம். அவர் கை நீட்டினால் பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள், அதற்குக் கூட்டம் தீர்வல்ல.

போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணமில்லை. அருகில் எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று அதில் கேட்கலாம். ஏ.ஏ. கூட்டங்களின் இடமும் நேரமும் மாறுவதுண்டு, போன் செய்துவிட்டே கிளம்புங்கள். முதல் முறை நீங்களும் கூடப் போவதானால், அது திறந்த கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய கூட்டத்தில் குடியை விட நினைப்பவர்கள் மட்டுமே உட்காரலாம்.