ஒரு விநாடி இடைவெளி ரொம்ப அதிகம்

வணக்கம். இருபொருள் சொற்களை மூளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்ற உங்கள் சோதனையில், வாக்கியத்துக்குள் ‘ஆற்றில்’, ‘மாலையில்’ போன்ற சொற்களைக் கேட்கவைத்து, ஒரு விநாடி கழித்துத் திரையில் வேறொரு சொல்லைக் காட்டினால், சூழலுக்குப் பொருந்தும் பொருளோடு தொடர்புள்ள சொல்லுக்கு மட்டும்தான் பதில் வேகமாக வருகிறது என்கிறீர்கள். அதை வைத்து ‘மூளை ஒரு பொருளைத்தான் எடுக்கிறது’ என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். ஒரு விநாடிக்குள் இரு பொருள்களுக்கும் இடையிலான போட்டி முடிந்திருக்கும்.

1979இல் மொழி உளவியல் ஆய்வாளர் டேவிட் ஸ்வின்னி இதைத்தான் பிடித்தார். சிலந்தி, கரப்பான் என்று சொல்லிவிட்டு ‘பக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல். பூச்சிக்கும் ஒட்டுக்கேட்கும் கருவிக்கும் அதுவே பெயர். சொல் முடிந்த கணமே திரையில் ‘எறும்பு’ வந்தாலும் ‘உளவாளி’ வந்தாலும், அது சொல்தானா என்பதற்குப் பதில் சட்டென்று வந்தது. மூன்று அசை தள்ளிக் காட்டியபோது எறும்புக்கு மட்டும்தான் அந்த வேகம். நீங்களும் திரைச் சொற்களில் பாதியை, கேட்கும் சொல் முடிந்ததுமே காட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கோளாறாகப் படுகிறது: ‘ஆற்றில்’ இருபொருள் சொல்லே இல்லை. உருபு ஏறியதுமே நதி என்று தெரிந்துவிடும். எண்ணாக இருந்தால் ‘ஆறில்’ என்றல்லவா வரும்? ‘மாலையில்’ இருக்கட்டும், அது பூவுக்கும் பொழுதுக்கும் பொது. ஆனால் எந்தப் பொருள் முதலில் தோன்றுகிறது என்று வேறு சிலரிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் மிகப் பழக்கமானதாக இருந்தால் கணக்கே மாறும்.