500 ரீடிங் டெஸ்ட், பாதி விலை, வாங்கலாமா?

கேள்வி: அக்கா, மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்றேன், ஐயெல்ட்ஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சைல, காலேஜுக்கு எழுதற அகாடமிக் டைப்ல, ரீடிங்ல 9க்கு 7 பேண்ட் (அதாவது ஸ்கோர்) வேணும். மத்ததெல்லாம் ஓரளவு ஓகே, ரீடிங் மட்டும் 40 கேள்விக்கு 24, 25 சரியானதோடயே நிக்குது. ஆன்லைன்ல ஒரு பேக்கேஜ் பாத்தேன், 500 ரீடிங் டெஸ்ட், ஒரு வருஷ ஆக்சஸ், 7 பேண்ட் கியாரண்டினு போட்டிருக்காங்க. இன்னிக்குள்ள கட்டினா பாதி விலையாம். கட்டிடவா?

பதில்: முதல்ல அந்த கவுன்ட்டவுன் ஓடுற பேஜை க்ளோஸ் பண்ணுங்க. நாளைக்கு திறந்து பாருங்க, அதே ஆஃபர் அதே "இன்னிக்கு மட்டும்"னு திரும்ப முதல்லேர்ந்து ஓடிட்டிருக்கும்.

500ங்கறத கொஞ்சம் கணக்கு போட்டுப் பாப்போம். ஒரு டெஸ்ட்னா 3 பாசேஜ், 40 கேள்வி, 60 நிமிஷம். முடிச்சிட்டு தப்பையெல்லாம் உக்காந்து பாக்கறதுக்கு அதே அளவு நேரம், சமயத்துல அதுக்கு மேலயும் ஆகும். தினம் ஒண்ணு விடாம பண்ணாகூட 500 முடிய பதினாறு மாசத்துக்கு மேல ஆகுது, அவங்க குடுக்கற ஆக்சஸோ பன்னண்டு மாசம். பண்ணி முடிக்கவே முடியாத ஒண்ண வித்துட்டு அதுக்கு பாதி விலை வேற.

சரி, அத்தனையும் வேணாம், ஒரு அம்பது பண்ணா போதும்னு நினைப்பீங்க. அந்த அம்பது எப்படி இருக்குங்கறதுதான் விஷயம். அதை காசு கட்டாமலே செக் பண்ணலாம். நிறைய பேக்கேஜ்ல ஒண்ணு ரெண்டு டெமோ டெஸ்ட் இருக்கும், அதுல ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்விகளை மட்டும் எடுத்துப் பாருங்க. நானே ஒண்ணு சொல்றேன். பாசேஜ்ல "அந்த லைப்ரரில மெம்பர்கள் மட்டும்தான் புக்கை வீட்டுக்கு எடுத்துட்டு போக முடிஞ்சுது, மத்தவங்க அங்கயே உக்காந்து படிக்கணும்"னு இருக்குனு வச்சுக்கோங்க. "யார் வேணா புக்கை வீட்டுக்கு கொண்டு போகலாம்"னு கேள்வி வந்தா அது ஃபால்ஸ், பாசேஜ் நேராவே மறுக்குது. "மெம்பராக பணம் கட்டணும்"னு வந்தா நாட் கிவன். பணம் பத்தி அங்க ஒரு வார்த்தை கிடையாது. நிஜ வாழ்க்கைல மெம்பர்னா பணம் கட்டுவாங்கன்னு நமக்குத் தெரியும், அந்தத் தெரிஞ்சதுதான் நம்மள கவுக்கும். நல்ல கேள்வி எழுதறவங்க இந்தக் கோட்டை கரெக்டா போடுவாங்க. மலிவு பேக்கேஜ்ல பணம் கட்டணும்ங்கறதுக்கு ட்ரூன்னு ஆன்சர் போட்டிருப்பாங்க, இல்லன்னா ஃபால்ஸ்னு போட்டுட்டு ஏன்னு ஒரு வரி இருக்காது. அதுல அம்பது டெஸ்ட் பண்ணா தப்பா யோசிக்கறதுக்குத்தான் உங்களுக்கு பிராக்டிஸ் ஆகும்.

வாங்கறதுன்னா கேம்பிரிட்ஜ் போடற ஒரிஜினல் டெஸ்ட் புக் ரெண்டு வாங்குங்க, புதுசா வந்ததா பாத்து. ஒரு புக்ல 4 முழு டெஸ்ட், ரெண்டு புக்னா 8 ரீடிங் டெஸ்ட். கவர்ல அகாடமிக்னு இருக்கானு பாத்துட்டு வாங்குங்க, வேலை, குடியேற்றத்துக்கு எழுதற ஜெனரல் ட்ரெய்னிங் டைப் தனி புக்கா பக்கத்துலயே இருக்கும், அவசரத்துல மாத்தி எடுத்துட்டு வந்தவங்க நிறைய பேர். எட்டுதானான்னு கேக்காதீங்க. உங்களுக்கு வேண்டியது 40க்கு 30 கிட்ட, அகாடமிக்ல அதுதான் சுமாரா 7 வரும். இப்ப 25. அஞ்சு கேள்விதான் இடைவெளி, அந்த அஞ்சு எங்க போகுதுன்னு கண்டுபிடிக்க எட்டு டெஸ்ட் தாராளம்.

ஒரு நோட்டு போடுங்க. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பாசேஜ்ல ஆன்சர் இருக்கற வரிக்கு அண்டர்லைன் பண்ணிட்டு, நாம ஏன் விட்டோம்னு ஒரே வரில எழுதுங்க. இடமே கிடைக்கலையா, இடம் கிடைச்சும் கேள்வில இருக்கற வார்த்தையும் பாசேஜ்ல இருக்கற வார்த்தையும் ஒண்ணுன்னு புரியலையா, ரெண்டு வார்த்தைக்கு மேல வேணாம்னு சொல்லியும் மூணு எழுதிட்டீங்களா, ஸ்பெல்லிங்கா, இல்ல மூணாவது பாசேஜுக்கு டைமே இல்லையா. மூணு டெஸ்ட் தாண்டும்போதே ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும் பாருங்க. தப்புக்கு மைனஸ் மார்க் கிடையாது, அதனால ஒரு கட்டத்தையும் காலியா விடாதீங்க. பேப்பர்ல எழுதறதா இருந்தா இன்னொண்ணு, லிசனிங்ல ஆன்சர் ஷீட்டுக்கு மாத்தி எழுத 10 நிமிஷம் தருவாங்க, ரீடிங்ல அது கிடையாது, அந்த 60 நிமிஷத்துக்குள்ளயே ஷீட்லயும் எழுதி முடிச்சிருக்கணும்.

கம்ப்யூட்டர்ல எழுதறீங்கன்னா புக்கோட நிறுத்தாதீங்க. இடது பக்கம் பாசேஜ், வலது பக்கம் கேள்வி, ரெண்டையும் தனித்தனியா ஸ்க்ரோல் பண்ணிப் படிக்கறது வேற பழக்கம். அதுக்கு ஐயெல்ட்ஸ் அஃபிஷியல் சைட்லயே ஃப்ரீயா சாம்பிள் இருக்கு.

கேள்வி: நான் ஜெனரல் ட்ரெய்னிங் எழுதறேன். பிராக்டிஸ் ஆப்ல 40க்கு 31 எடுத்தா 7 பேண்ட்னு காட்டுது. நம்பலாமா?

பதில்: ஐயோ, இந்தக் குழிலதான் நானும் விழுந்தேன். நான் வாங்கின ஆப்லயும் 30, 31க்கு 7னு பச்சைக் கலர்ல காட்டும், நானும் ரெண்டு மாசம் சந்தோஷமா இருந்தேன். பரீட்சைல 6தான் வந்துச்சு. அப்புறம்தான் உக்காந்து தேடினா, அவங்க மார்க்கை பேண்டா மாத்தற அகாடமிக் சார்ட்டைத் தூக்கி ஜெனரலுக்கும் போட்டிருக்காங்க. ஜெனரல்ல பாசேஜ் கொஞ்சம் ஈசிங்கறதால அதே பேண்டுக்கு அதிக மார்க் எடுக்கணும். 30க்கு சுமாரா 6, 7 வேணும்னா 34 கிட்ட போகணும். டெஸ்டுக்கு டெஸ்ட் ஒண்ணு ரெண்டு மாறும், ஆனா இந்த வித்தியாசம் இருக்கும். சப்போர்ட்டுக்கு மெயில் போட்டேன், "உங்கள் வெற்றிக்கு வாழ்த்துகள்"னு ஆட்டோ ரிப்ளை வந்துச்சு, ரீஃபண்ட் இன்னிக்கு வரைக்கும் வரல. எந்த ஆப் எடுத்தாலும் அகாடமிக், ஜெனரல் ரெண்டுக்கும் வேற வேற சார்ட் இருக்கானு மொதல்ல பாருங்க, ஒரே சார்ட்னா வேணாம்.

கேள்வி: தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய டோஃபல் புக் சும்மா தரேங்கறார், பிடிஇ புக்கும் இருக்கு, ரெண்டும் ஐயெல்ட்ஸ் மாதிரி வேற இங்கிலீஷ் பரீட்சைதானே. எது ஈசியோ அதை எழுதலாம்னு இருக்கேன்.

பதில்: சும்மா கிடைக்குதுன்னு பரீட்சையை செலக்ட் பண்ணாதீங்க, நீங்க போற காலேஜ், விசா எதை ஏத்துக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் புக்கைத் தொடுங்க. டோஃபல் 2023 ஜூலைல ரீடிங்கை 2 பாசேஜ், 20 கேள்வி, 35 நிமிஷம்னு குறைச்சாங்க, 2026 ஜனவரில திரும்பவும் ஃபார்மட்டையே மாத்திட்டாங்க. அதுக்கு முந்தின புக்ல பாசேஜ் படிச்சு வொகாபுலரி ஏத்திக்கலாம், மாதிரித் தேர்வா வச்சு டைம் போட்டு பண்ணா வேஸ்ட். பிடிஇல ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, பல ஆன்சர் டிக் பண்ற கேள்வில தப்பா டிக் பண்ணா மார்க் கழியும், ஐயெல்ட்ஸ் பழக்கத்துல எல்லாத்தையும் டிக் பண்ணிட்டு வராதீங்க.

கேள்வி: அடுத்த வாரம் வரப்போற ரீடிங் பாசேஜ்னு ஒரு குரூப்ல பிடிஎஃப் விக்கறாங்க. நிஜமாவே அப்படி கிடைக்குமா?

பதில்: காசு போயிடும். நிஜமா லீக்கானதாவே இருந்தாலும் அதை வச்சு எழுதி மாட்டினா ரிசல்ட்டையே கேன்சல் பண்ணுவாங்க.

கேள்வி: ஐயெல்ட்ஸ்ல லிசனிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் மூணுலயும் 7 வந்துருச்சு, ரீடிங்ல மட்டும் 6.5. திரும்ப ஃபுல் ஃபீஸ் கட்டணுமா?

பதில்: கம்ப்யூட்டர்ல எழுதியிருந்தா ஒன் ஸ்கில் ரீடேக்னு ஒண்ணு இருக்கு, ரீடிங்கை மட்டும் 60 நாளுக்குள்ள ஒரு தடவை திரும்ப எழுதலாம். எல்லா சென்டர்லயும் கிடையாது, எல்லா காலேஜும் ஏத்துக்கறதும் இல்ல. அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி அட்மிஷன் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டு, ஏத்துக்கறோம்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் புக் பண்ணுங்க.