வெறும் வயிற்றில் காபியும் சர்க்கரை அளவும்

வணக்கம். தூக்கம் கெட்ட நாள்களில், எழுந்தவுடன் சர்க்கரை சேர்க்காத கடுங்காபி குடித்தாலும் காலை உணவுக்குப் பின் சர்க்கரை அளவு ஏறுகிறது என்றும், குடல் நுண்ணுயிர்களுக்கு நல்லது என்கிற காபியை நிறுத்தத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

நிறுத்த வேண்டாம், முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள். காஃபீன் அட்ரினலின் என்னும் ஹார்மோனின் சுரப்பைத் தூண்டி, இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறனைச் சில மணி நேரம் குறைக்கிறது. 2020-இல் வெளியான, இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வில், தூக்கம் கலைந்த இரவுக்குப் பின் முதலில் கடுங்காபி குடித்து, பிறகு குளுக்கோஸ் பானம் அருந்தியவர்களுக்கு இரத்தச் சர்க்கரையின் எதிர்வினை ஏறத்தாழ 50 சதவீதம் கூடியிருந்தது. ஆகவே நீங்கள் கவனித்தது வீண் ஐயமன்று.

குடலில் நடப்பது வேறு. காபியிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் என்னும் தாவரப் பொருளில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் சிதைக்கப்படுகிறது. காபி குடிப்பவர்களிடம் லாசோனிபாக்டர் என்னும் பாக்டீரியா மிகுதியாக இருப்பதும், காஃபீன் நீக்கிய காபியிலும் இத்தொடர்பு தென்படுவதும் அறியப்பட்டுள்ளன. எனவே, காபியை உணவுக்குப் பின் தள்ளிவைப்பதாலோ காஃபீன் நீக்கியதற்கு மாறுவதாலோ அப்பயனை இழந்துவிடுவீர்கள் என்று நான் கருதவில்லை.

ஒரு வாரம் காபியை உணவுக்குப் பின் குடித்து, ஒரே வகை உணவுக்கு 2 மணி நேரம் கழித்து அளந்து, முந்தைய வார அளவுகளோடு ஒப்பிடுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவரானால், அதன் அளவை மட்டும் மருத்துவரைக் கேளாமல் மாற்ற வேண்டாம்.