மரப்பு ஊசியும் நாயின் இதயமும்: வாசகர் கேள்வி - பதில்

உடம்பில் ஓர் இடத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசியைப் பற்றிக் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. மருந்துக் கடையில் 'சைலோகைன்' என்று கேட்டு வாங்குவது லிக்னோகைன். அதே குடும்பத்தில் கூடுதல் நேரம் நிற்பது புபிவகைன். நாய் மருத்துவத்திலும் மயக்கவியலிலும் பழகிய கால்நடை மருத்துவர்கள் பதில் தருகிறார்கள்.

எங்கள் நாட்டு நாயின் மேலுதட்டில் தூண்டில் முள் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் மரப்பு ஊசி போட்டு எடுத்துத் தந்தார்கள். கடற்கரையில் இது அடிக்கடி நடக்கிறது. மருந்தை வாங்கி வைத்து நாங்களே போட்டுக்கொள்ளலாமா?
- வாசகர், முட்டம்

வேண்டாம். முள்ளை எடுப்பதைவிட மருந்தின் அளவில்தான் தவறு எளிதாக நேரும். கணக்கைப் பாருங்கள். 2 சதவீத லிக்னோகைன் என்றால் ஒரு மில்லியில் 20 மி.கி. மருந்து. நாய்க்குத் தோலடியில் கிலோவுக்கு 4 மி.கி. வரை போடலாம், 6 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 25 கிலோ ராஜபாளையத்துக்கு 4 மி.கி. கணக்கில் 100 மி.கி., அதாவது 5 மில்லி. 2 கிலோ பக் குட்டிக்கு 8 மி.கி., அதாவது 0.4 மில்லி. பெரிய நாய்க்குப் போட்ட பழக்கத்தில் 2 மில்லி சிரிஞ்சை நிறைத்து அந்தக் குட்டிக்குப் போட்டால் கிலோவுக்கு 20 மி.கி. ஆகிவிடும். விழித்திருக்கும் நாய்களின் இரத்தக் குழாயில் மருந்தை ஏற்றிப் பார்த்த ஆய்வுகளில் வலிப்பு வந்த அளவும் ஏறக்குறைய அதுதான்.

குப்பி மாறுவதும் உண்டு. கடையில் 2 சதவீதம் மட்டும் இல்லை. மேலே தடவும் 4 சதவீதக் கரைசல் இருக்கிறது. மனிதர்களின் முதுகுத்தண்டில் போடும் 5 சதவீத 'ஹெவி' இருக்கிறது. அட்ரினலின் கலந்ததும் இருக்கிறது. அட்ரினலின் இரத்தக் குழாயைச் சுருக்கும் என்பதால் அதைக் காது நுனி, வால், விரல் ஆகிய இடங்களில் தவிர்ப்பதே நல்லது.

மருத்துவர் பெரும்பாலும் உதட்டிலேயே குத்த மாட்டார். மேல்தாடையின் மூன்றாம் முன்கடைவாய்ப் பல்லுக்கு மேலே, ஈறு வழியாக விரலால் தடவினால் எலும்பில் ஒரு துளை தட்டுப்படும். அங்கிருந்து வெளிவரும் நரம்புதான் அந்தப் பக்கத்து மேலுதட்டுக்கும் மூக்குக்கும் உணர்வு தருகிறது. அதன் வாயிலில் அரை மில்லி அளவு போட்டாலே உதடு முழுக்க மரத்துவிடும். மருந்தைத் தள்ளும் முன் சிரிஞ்சின் தண்டைப் பின்னால் இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம். ஐந்து நிமிடம் கழித்து, முள்ளின் முனையை முன்பக்கமாகவே தள்ளித் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் கூரைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு, மீதியை வந்த வழியே உருவி எடுப்பார்.

நீங்கள் செய்ய வேண்டியது, முள்ளைப் பின்னால் இழுக்காமல் இருப்பது. தங்கூசியை (முள்ளைக் கட்டிய நைலான் இழையை) ஒரு சாண் நீளம் விட்டு வெட்டுங்கள். முன்காலால் தட்டாதபடி பிடித்துக்கொண்டு வாருங்கள். தங்கூசி தொண்டைக்குள் போயிருந்தால் இழுக்கவே கூடாது. முள் உணவுக்குழாயில் இருக்கலாம்.

பத்து வயது லாப்ரடார். இதயம் பெரிதாகியிருப்பது எக்கோ ஸ்கேனில் தெரிந்து மாத்திரை கொடுக்கிறோம். விலாவில் ஒரு கட்டி. முழு மயக்கம் வேண்டாம், மரப்பு ஊசி போதும் என்கிறார்கள். அந்த ஊசியே இதயத்தை நிறுத்திவிடும் என்கிறார் ஒருவர். அது இதயத்துக்கே கொடுக்கிற மருந்து என்கிறார் இன்னொருவர். எது சரி?
- வாசகி, தக்கலை

இரண்டுமே சரிதான். எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியாக என்பதைப் பொறுத்தது.

நரம்பில் வலிச்செய்தி ஓட, செல்லின் சுவரிலுள்ள வாயில்கள் வழியாகச் சோடியம் உள்ளே பாய வேண்டும். இந்த மருந்துகள் அந்த வாயிலை அடைக்கின்றன. இதயத் தசையிலும் இதே வகை வாயில்கள்தான் துடிப்பைத் தொடங்கிவைக்கின்றன. லிக்னோகைன் அங்கே சட்டென்று ஒட்டி, அடுத்த துடிப்புக்குள் பெரும்பாலும் விலகிவிடும். புபிவகைனும் சட்டென்று ஒட்டும், ஆனால் விலகத் தாமதமாகும். ஒவ்வொரு துடிப்பிலும் அடைப்பு சேர்ந்துகொண்டே போகும். ஈ.சி.ஜி.யில் கீழறைத் துடிப்பைக் காட்டும் க்யூ.ஆர்.எஸ். அலை அகலும், துடிப்பு குறையும், தாளம் கெடும். போதாததற்கு, இதயத் தசை எரிபொருளாகப் பயன்படுத்தும் கொழுப்பு அமிலம், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போவதையும் அது தடுக்கிறது. அதனால்தான் புபிவகைனால் நின்ற இதயத்தை வழக்கமான முதலுதவியால் மீட்பது அவ்வளவு கடினம். மனிதர்களில் இப்படி இதயம் நின்றதை 1979-ல் ஜார்ஜ் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் எழுதி எச்சரித்தார். நாயில் புபிவகைன் வலிப்பு உண்டாக்கும் அளவு கிலோவுக்கு 4 மி.கி.யை ஒட்டியே இருக்கிறது. ஆகவே 2 மி.கி.தான் எல்லை. இரத்தக் குழாயில் அதை எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது.

லிக்னோகைன் கதை வேறு. கீழறையிலிருந்து தாறுமாறாக எழும் வேகத் துடிப்பை அடக்க நாய்களுக்கு முதலில் எடுக்கும் மருந்தே அதுதான். கிலோவுக்கு 2 மி.கி., ஓரிரு நிமிடம் எடுத்து மெதுவாக இரத்தக் குழாயில் போடுவார்கள். தேவைப்பட்டால் திரும்பப் போட்டு, மொத்தம் 8 மி.கி.க்குள் நிறுத்துவார்கள். பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 25 முதல் 80 மைக்ரோகிராம் வரை சொட்டாக ஓடும். இதற்கு அட்ரினலின் கலந்த குப்பியை எடுத்துவிட்டால் அடக்க வந்த துடிப்பை நாமே கிளப்பிவிட்டதாகும்.

இதே லிக்னோகைன் உயிரைப் பறிக்கும் சூழல் ஒன்று இருக்கிறது. மேலறைக்கும் கீழறைக்கும் தொடர்பு அறுந்து, கீழறை தானாக மெதுவாகத் துடித்து நாயைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது, அந்த அலைகளும் ஈ.சி.ஜி.யில் அகலமாகவே தெரியும். வேகத்தைப் பார்க்காமல், அகலத்தை மட்டும் பார்த்து லிக்னோகைன் போட்டால் அந்தத் துடிப்பும் நின்றுவிடும்.

உங்கள் நாய்க்கு வருவோம். லிக்னோகைன் கல்லீரலில் சிதைகிறது. எவ்வளவு இரத்தம் கல்லீரலுக்குப் போகிறதோ அவ்வளவு வேகமாகச் சிதையும். இதயம் பலவீனமானால் அந்த ஓட்டம் குறையும், மருந்து இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரையும் இதே விளைவைக் கூட்டும். ஆகவே 6 மி.கி. வரை போகாமல் 3, 4 மி.கி.யில் நிறுத்துவது நல்லது. மருந்தின் பருமன் போதாது என்றால் சலைன் கலந்து 1 சதவீதமாக்கிக்கொள்ளலாம், அதே மி.கி. இரண்டு மடங்கு இடத்துக்கு வரும். நீர் இறக்கும் ஃப்யூரோசமைடு மாத்திரை கொடுக்கிறீர்கள் என்றால் முதல் நாளே பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம் தாழ்ந்திருந்தால் தாளம் கெடும்போது லிக்னோகைன் கேட்காது.

மரப்பு ஊசி மட்டும் போட்டு, பயந்து துள்ளும் நாயை நான்கு பேர் அமுக்கிப் பிடித்துச் செய்வதை நாங்கள் ஏற்க மாட்டோம். அந்தப் பயத்தில் சுரக்கும் அட்ரினலின் பலவீனமான இதயத்துக்கு நாம் போடும் மருந்தைவிடக் கெடுதல். லேசான அமைதி மருந்தோடு மரப்பு ஊசி, முகத்தருகே ஆக்சிஜன், ஓடிக்கொண்டிருக்கும் ஈ.சி.ஜி. என்று கேளுங்கள். அமைதி மருந்தாகச் சைலசின் வேண்டாம். அது துடிப்பைக் குறைத்து, அறைகளுக்கு இடையிலான தொடர்பையும் தடுக்கக்கூடியது.

ரப்பர் தோட்டத்தில் காட்டுப்பன்றி குத்தி எங்கள் பட்டிக்கு (நாய்க்கு) தொடையில் காயம். நான்கு நாள் கழித்துச் சீழ் வைத்த பிறகுதான் கொண்டுபோனோம். இரண்டு தடவை மரப்பு ஊசி போட்டும் வலியில் கத்தியது. மருந்து கெட்டதா?
- வாசகர், குலசேகரம்

மருந்தில் குறையில்லை. லிக்னோகைன் நரம்புக்குள் நுழைய மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். நல்ல திசுவின் 7.4 கார அமில நிலையில் கால் பங்கு அப்படி இருக்கும். சீழ் பிடித்த திசு அமிலமாகிவிடும், 6.9-க்கு இறங்கினால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அழற்சியால் அங்கே இரத்த ஓட்டமும் அதிகம், போட்ட மருந்தை அது அள்ளிக்கொண்டு போய்விடும். ஆக, காயம் மரக்காது, இரத்தத்தில் மட்டும் மருந்து ஏறும். மூன்றாவது தடவை போடாமல் விட்டது நல்லது.

இப்படிப்பட்ட காயத்துக்குச் சுற்றிலுமுள்ள நல்ல தோலில் வளையமாகப் போடுவது, அல்லது மேலே நரம்பிலேயே தடுப்பது, அல்லது முழு மயக்கம் கொடுப்பதுதான் வழி. சீழைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனைக்கு எடுப்பதானால் ஊசிக்கு முன் எடுக்கச் சொல்லுங்கள். லிக்னோகைன் பல கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும்; மருந்து கலந்த மாதிரியில் கிருமி இல்லை என்று தவறான முடிவு வரலாம். அடுத்த முறை நான்கு நாள் காத்திருக்க வேண்டாம். பன்றிக் கொம்பு வெளியே சிறு துளை இட்டு உள்ளே நீளமாகக் கிழித்திருக்கும். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே கொண்டுபோங்கள், வெறிநோய்த் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் அன்றே வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு விடுகிறார்கள். மயக்க மருந்தும் மரப்பு ஊசியும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்று படித்தேன். அப்படியானால் தடுப்பூசி வீண்தானே?
- வாசகி, நாகர்கோவில்

வீண் இல்லை. 2023-ம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் சேர்த்தே சொல்கின்றன. மறுபடி பிடிபடுமா என்று தெரியாத தெருநாய்க்கு அதுவே சரி.

நீங்கள் படித்ததிலும் உண்மை இருக்கிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டி, காயத்துக்கு நகர்ந்து, கிருமியை விழுங்கி, ஆக்சிஜன் நச்சால் கொல்கிறது. ஆய்வகத்தில் இந்த அணுக்களை மரப்பு மருந்தில் வைத்தால் இந்த வேலைகள் எல்லாம் மந்தமாகின்றன. ஆனால் செறிவைக் கவனியுங்கள். குப்பியிலுள்ள 2 சதவீத மருந்தில் மில்லிக்கு 20,000 மைக்ரோகிராம். இதயத்துக்காக ஏற்றும்போது இரத்தத்தில் எதிர்பார்ப்பது மில்லிக்கு 2 முதல் 6 மைக்ரோகிராம். ஊசி போட்ட இடத்தில் சில மணி நேரம் அணுக்கள் சுணங்கலாம். உடம்பு முழுவதும் அப்படி ஆவதில்லை. லிக்னோகைனின் அளவு நாயின் இரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். தடுப்பூசிக்கு எதிர்ப்பொருள் உருவாக வாரக்கணக்கில் ஆகும். இரண்டும் ஒன்றை ஒன்று சந்திப்பதே இல்லை என்று சொல்லலாம்.

எதிர்ப்புச் சக்தியை உண்மையில் அழுத்துவது வலி. அறுக்கும்போது வலிச்செய்தி மூளைக்குப் போனால், மயக்கத்தில் கிடக்கும் நாய்க்கும் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் குறையும். மரப்பு ஊசி அந்தச் செய்தியை வழியிலேயே நிறுத்துகிறது. அதனால் நோய் எதிர்ப்பு என்று பார்த்தாலும் போடுவதே லாபம். 15 கிலோ பெண் நாய்க்குக் கிலோவுக்கு 4 மி.கி. கணக்கில் 3 மில்லி. சலைன் கலந்து 6 மில்லியாக்கி, வெட்டும் கோட்டில் தோலடியிலும் இரண்டு சூலகக் காம்புகளிலும் பிரித்துப் போடலாம். ஆண் நாய்க்கு விதைக்குள்ளேயே போடுவார்கள், அங்கிருந்து விதைத் தண்டுக்கும் பரவும். தடுப்பூசியை வெட்டு, மரப்பு ஊசி இரண்டுக்கும் எட்டாத தோலில் போட வேண்டும். காய்ச்சலோடு, உண்ணிக் காய்ச்சலில் வெளிறிய ஈறோடு வரும் நாய்க்கு மட்டும் அன்று அறுவையைத் தள்ளிவைப்பது நல்லது.  

சொறியும் இடத்தில் மரக்கவைக்கும் ஜெல் தடவலாமா?
- வாசகர், குளச்சல்

வேண்டாம். நாய் நக்கிவிடும். தொண்டை மரத்தால் அடுத்த வாய்ச் சோறு மூச்சுக்குழாய்க்குப் போகலாம். பென்சோகைன் கலந்த களிம்பாக இருந்தால் இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழந்து சாக்லேட் நிறமாகும். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் கவனம்; அதற்கு இந்த மருந்துகளைத் தாங்கும் சக்தி நாயைவிடக் குறைவு.

கருத்தடை முகாமில் உதவி செய்கிறேன். மரப்பு ஊசிக்குப் பின் ஒரு நாய்க்கு முகத் தசை துடித்தது. கீட்டமைன் என்ற மயக்க மருந்தால் என்று சொல்லிவிட்டார்கள். ஆபத்தை எப்படி அடையாளம் காண்பது? என்ன செய்வது?
- வாசகர், மார்த்தாண்டம்

கீட்டமைனும் தசையைத் துடிக்கவைக்கும் என்பது உண்மை. வேறுபாட்டை நேரத்திலும் நாடியிலும் பாருங்கள். மரப்பு ஊசி போட்ட சில நிமிடங்களில் புதிதாகத் தொடங்கினால் முதலில் அதையே சந்தேகப்பட வேண்டும். விழித்திருக்கும் நாயில் வாந்தி, தள்ளாட்டம், கண்விழி ஆட்டம், நடுக்கம், வலிப்பு, அப்புறம் இதயம் என்று வரிசையாக வரும். மயக்கத்தில் இருக்கும் நாயில் முன்பகுதி மறைந்துபோய் நாடி மெலிவதும் ஈறு வெளிறுவதும்தான் முதலில் தெரியும். தொடையின் உள்பக்க நாடியில் ஒருவர் விரலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

சந்தேகம் வந்ததும் மருந்தை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, மூச்சு மெலிந்தால் குழாய் போட்டு, கையால் அமுக்கும் 'ஆம்பு' பையால் மூச்சு கொடுக்க வேண்டும். கரியமிலவாயு தேங்கி இரத்தம் அமிலமானால் நச்சு பல மடங்கு தீவிரமாகும், ஆகையால் மூச்சுதான் முதல் மருந்து. வலிப்புக்கு டயஸெபாம் கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மி.கி. இரத்தக் குழாய் வழியாக. கெட்ட தாளத்தை அடக்கலாம் என்று மறுபடி லிக்னோகைன் போடக் கூடாது. அட்ரினலின் தேவைப்பட்டால் சிறு அளவாகத்தான்.

புபிவகைன் பயன்படுத்தும் முகாமில் 20 சதவீதக் கொழுப்புப் பால்மம் (இரத்தக் குழாயில் ஏற்றும் வெள்ளைக் கொழுப்புக் கரைசல்) ஒரு பாட்டில் இருந்தே ஆக வேண்டும். கிலோவுக்கு 10 மி.கி. புபிவகைனால் இதயம் நின்ற நாய்களில் 2003-ல் அமெரிக்க மயக்க மருத்துவர் கை வைன்பெர்க்கின் (Guy Weinberg) குழு வெளியிட்ட ஆய்வில், பால்மம் பெற்ற ஆறும் பிழைத்தன. சலைன் பெற்றவற்றில் ஒன்றும் பிழைக்கவில்லை. அளவு கிலோவுக்கு 1.5 மில்லி, சில நிமிடங்களில். பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மில்லி, அரை மணி நேரம். 15 கிலோ நாய்க்கு முதலில் 22.5 மில்லி, பிறகு நிமிடத்துக்கு 3.75 மில்லி. இதயத்தை அமுக்குவதை இடையில் நிறுத்தக் கூடாது. மருந்து இதயத்தை எட்ட அந்த ஓட்டம்தான் வழி. புரோப்போஃபால் என்ற மயக்க மருந்தும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் அதை இதற்கு மாற்றாக எடுக்கவே கூடாது. அது இதயத்தை மேலும் தளர்த்தும். பாட்டிலை வெயிலில் நிற்கும் வேனில் விடாதீர்கள். மேலே எண்ணெய் பிரிந்து மிதந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கி வையுங்கள்.