பஸ் கண்ணாடி உடைந்த வழக்கு: ஃபைன் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: மூத்தவனுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சின்னவனுக்கு 16. போன வாரம் ரூட் தகராறில் (பஸ் ரூட்டை வைத்து மாணவர் கும்பல்கள் மோதிக்கொள்வது) யாரோ கல்லெறிந்து மாநகரப் பேருந்தின் பின்கண்ணாடி உடைந்துவிட்டது. இருவரும் அந்தக் கும்பலில் நின்றது உண்மை. ஆனால் கல் எறியவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து போனில் வரச் சொல்கிறார்கள். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க, முடிஞ்சிடும்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பிவைக்கலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, ஊருக்கு அனுப்ப வேண்டாம். ஒத்துக்கொள்ளவும் வேண்டாம்.

உங்களுக்குத் தெரிந்தவர் மனதில் இருப்பது 'செவன்ட்டி ஃபைவ் கேஸ்' என்று நினைக்கிறேன். பொது இடத்தில் ரகளை செய்தால் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் போடுவார்களே, அது. அதிலேயே பணம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான். உங்கள் பிள்ளைகள் விவகாரம் அதைவிடப் பெரியது.

பொருளைச் சேதப்படுத்தினால், இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவு வரும். 2024 ஜூலை 1-க்கு முன்பு இ.பி.கோ. 427 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது சேதத்தின் மதிப்பைப் பொறுத்துத் தண்டனை ஏறும்: 20,000 ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டாண்டு வரை, லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஐந்தாண்டு வரை. ஆனால் தமிழ்நாட்டில் போலீஸ் இதோடு நிற்பது அபூர்வம். 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவையும் சேர்ப்பார்கள். அதில் சேதம் நூறு ரூபாயைத் தொட்டாலே போதும். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பேருந்து பொதுப் போக்குவரத்து என்பதால் 1984-ஆம் ஆண்டின் மத்தியப் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தையும் போட இடமிருக்கிறது. குறைந்தபட்சத் தண்டனை எழுதப்பட்ட இப்படியொரு பிரிவில் 'ஒத்துக்கிட்டா முடிஞ்சிடும்' என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

சரி, தப்பிக்க வழி என்ன? கண்ணாடி உடைந்ததை நீங்கள் மறுக்கப்போவதில்லை. யார் உடைத்தது என்பதுதான் வழக்கே. சேதப்படுத்தும் எண்ணமோ, சேதமாகும் என்ற அறிவோ இருந்திருக்க வேண்டும். கூட்ட நெரிசலில் தள்ளுப்பட்டு உடைந்தால் அது இந்தக் குற்றமே ஆகாது. உங்கள் மகன்களுக்கு எதிராக நிற்கக்கூடியது அதே சன்ஹிதாவின் 190-ஆம் பிரிவு: ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நோக்கத்தோடு சட்டவிரோதமாகக் கூடி, அந்த நோக்கத்துக்காக ஒருவர் குற்றம் செய்தால் எல்லோரும் பொறுப்பு. இதில்தான் கவனம் வேண்டும். வேடிக்கை பார்த்தவன், பஸ்ஸுக்காக நின்றவன், சண்டை முற்றியதும் ஒதுங்கியவன் ஆகியோருக்கு அந்தப் பொது நோக்கம் இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். சும்மா அங்கே நின்றது மட்டும் போதாது. ஆனால் கோஷம் போட்டிருந்தாலோ, கையில் கல்லோடு படத்தில் இருந்தாலோ கதை வேறு. வக்கீலிடம் பிள்ளைகள் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும்; அவரிடம் பொய் சொல்லிவிட்டு மற்றவர்களிடம் உண்மை பேசுவதுதான் நான் பார்க்கும் வழக்கமான கூத்து.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த இடத்துக் கடைகளின் சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அதைப் பாதுகாக்கச் சொல்லிக் காவல் ஆய்வாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மகன் கல் எறியவில்லை என்றால் அந்தப் பதிவு உங்களுக்குத்தான் சாட்சி. அது எதிராக வந்தாலும், பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் (மின்னணுப் பதிவின் நகலோடு தரவேண்டிய சான்று) இல்லாத நகலை வக்கீல் ஆட்சேபிக்க முடியும். அதேபோல் ஸ்டேஷனில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்துக்கு ஆதாரமாகாது. ஆனாலும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம்.

ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்பதால், எடுத்த எடுப்பில் கைது செய்யாமல் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)-இன்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தரலாம். அதைக் கையில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தபின் வக்கீலோடு குறித்த நாளில் மூத்தவன் ஆஜரானால், காரணம் எழுதாமல் அவனைக் கைது செய்ய முடியாது. ஊருக்குப் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று; 'தலைமறைவு' என்று எழுதிவிட்டால் முன்ஜாமீனும் சிக்கலாகும். ஜாமீன் கேட்கும்போது சேதத் தொகையைக் கட்டச் சொல்வது உண்டு. கட்டலாம், அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது.

சின்னவன் கதை தனி. பதினெட்டுக்குக் கீழே இருப்பவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும். வயதுக்கு ஆதாரமாகப் பள்ளிச் சான்றிதழை எடுத்து வையுங்கள். அங்கே என்ன முடிவானாலும், பின்னாளில் வேலைக்குத் தகுதியிழப்பு ஆகாது என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது.

மூத்தவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படும். போலீஸ் வேலைக்குப் போகும் ஆசை இருந்தால் இன்னும் கடினம். நீதிமன்றம் 'சந்தேகத்தின் பலன்' கொடுத்து விடுவித்தாலும் அங்கே இடைஞ்சல் செய்வார்கள். எனவே வாதாடியே தீர வேண்டும். தண்டனை என்றே ஆனாலும், 21 வயதுக்குக் கீழ் முதல் முறை என்பதால் சிறைக்குப் பதில் நன்னடத்தை உறுதியின் பேரில் விடுவிக்க வழிசெய்யும் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தை வக்கீல் கேட்கத் தவறக் கூடாது.

தனியார் பைக்கோ கடைக் கதவோ என்றால் உடைமைக்காரரோடு சமாதானம் பேசி 324-ஐ முடிக்கலாம். மாநகரப் பேருந்தில் அது நடக்காது. வழக்கில் சாரமே இல்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். 528-இன்படி உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம், ஆனால் குற்றப்பத்திரிகை வரட்டும், அவசரப்பட வேண்டாம்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள். சிறுவர்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.